குறைபாடு எதுவும் இல்லை

ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.
பின்னிருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட
இன்னும் முழுதாகக் கிழிக்கவில்லை.
அறுபது தவணையில் மூன்று கட்டியாயிற்று.

முதலில் டிக் என்றது.
டாஷ்போர்டுக்குள், வலக்கோடியில்,
யாரோ நகம் வெட்டுகிற மாதிரி.
பிறகு, எண்பதைத் தாண்டினால்
பின்கதவு ரப்பர் விசிலடித்தது.
டிசம்பரில் பள்ளம் ஒவ்வொன்றிலும்
அடியில் எதுவோ பல்லை நறநறத்தது.

தௌலெத் ரேடியோவைக் கூட்டிவைத்துக்கொண்டு
"எனக்கொன்றும் கேட்கவில்லையே" என்றார்.
மகனுக்குக் கேட்டது.
உள்ளே ஒரு பூச்சி குளிருக்கு ஒதுங்கியிருக்கிறது என்று
காற்றுத் துவாரத்தில் ரொட்டித் துணுக்கு போட்டுவைத்தான்.
அதையும் பின்னால் படிவத்தில் எழுதினார்கள்:
வாடிக்கையாளர் உட்பகுதியில் உணவுப்பொருள் இட்டுள்ளார்.

கரகண்டாவில் அன்று மைனஸ் இருபத்துநான்கு.
சர்வீஸ் பட்டறைக்குள்ளோ கதகதப்பு,
எலுமிச்சைத் தேநீர், மீன்தொட்டி.
இரவெல்லாம் அங்கே வெயில் காய்ந்த கார்
ஆய்வாளர் வந்த நாளின் வகுப்பறை போல
வாயே திறக்கவில்லை.
மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும்
"குறைபாடு எதுவும் இல்லை" என்று முத்திரை குத்தினார் ஆர்ட்டூர்.
"புது வண்டி, ராய்ஹான் அம்மா. பழகப் பழகச் சரியாகும்."
வண்டியா, நானா என்று அவர் சொல்லவில்லை.

காது குத்த வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.
பத்தொன்பது வருடமாக
ஷாக்தின்ஸ்க் சுரங்கத்தில் கூண்டு இறக்குகிறவள் நான்.
அறுநூறு மீட்டர் வடம், நுனியில் முப்பது ஆட்கள்.
கண்ணுக்கு முன் ஒரு டயலும் ஒரு சுவரும்.
மீதி எல்லாம் காது.
வடம் நன்றாக இருக்கும்போது எப்படிப் பேசும் என்று தெரியும்.
பேச்சை மாற்றினால் அதுவும் தெரியும்.
வடப் பதிவேட்டில் "குறைபாடு எதுவும் இல்லை" என்று
எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரை
முதல் கூண்டில் நானே இறக்குவேன்.
அப்படி விதி ஒன்றும் கிடையாது.
என் வழக்கம்.

திங்கட்கிழமை, விடிய இன்னும் நேரமிருந்தது.
இரவு முழுக்க வாசலில் உறைந்த காரை
பட்டறைக் கதவு திறக்குமுன் கொண்டுபோய் நிறுத்தி
"ஏறுங்கள்" என்றேன்.
புதுக் கோட்டோடு பின்னிருக்கையில் உட்கார்ந்தார்.
பிளாஸ்டிக் உறை அவருக்கடியில் முறுமுறுத்தது.
"இந்தச் சத்தமா?" என்று சிரித்தார்.

தெமிர்தாவ் சாலை. இரண்டு பக்கமும் வெள்ளை.
டிக் வந்தது. "பிளாஸ்டிக் சுருங்குகிறது" என்றார்.
விசில் வந்தது. "ஸ்தெப்பியில் காற்று அடிக்கும்" என்றார்.
ரயில் கடவில் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியபோது
ஒன்றும் சொல்லவில்லை.
சிறிது தூரம் போனபின்
"திரும்பி அதன்மேல் ஒருமுறை ஏற்றுங்கள்" என்றார்.
ஏற்றினேன்.
"நிறுத்துங்கள்."

அந்தக் கோட்டோடே பனியில் மல்லாந்து
கைப்பேசி வெளிச்சத்தோடு உள்ளே நகர்ந்தார்.
காலணிகள் மட்டும் வெளியே தெரிந்தன.
வெகுநேரம் அசையாமல் இருந்தன.

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்.
கையுறையைக் கழற்றி
இரண்டு விரலால் சுழற்றிக் காட்டினார்;
ஜாடி மூடி போலச் சுழன்றது.
அதன் தலைமேல் அழகாக ஒரு மஞ்சள் கோடு:
முறுக்கியாயிற்று, சரிபார்த்தாயிற்று.

இழுவண்டி வரும்வரை காருக்குள் இருந்தோம்.
என் பிளாஸ்க்கின் தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.
குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.
"மூன்று முத்திரை" என்றார், என்னிடம் அல்ல.

எந்த ஊர்த் தொழிற்சாலையோ.
மஞ்சள் பேனா பிடித்த அந்த ஒருவருக்கு
மணியடித்திருக்கலாம், பின்னால் அடுத்த வண்டி இடித்திருக்கலாம்,
கோடு போடுவதுதான் வேலை என்று
யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.
அவரைத் திட்டப் பலமுறை வாயெடுத்தேன்.
முகம் தெரியாததால் வார்த்தை நிற்கவில்லை.

போல்ட்டை மாற்றிக் கொடுத்தார்கள். ரப்பரையும்.
இம்முறை படிவத்தில் முத்திரை இல்லை;
பேனாவால், கோணல்மாணலாக, முழுப் பெயர்.

டிக் மட்டும் போகவில்லை.
அதற்காக இன்னொரு நாள் விடுப்பு எடுக்க முடியாது.
மகன் வாரம் ஒருமுறை
ரொட்டியை மாற்றிவைக்கிறான்.